மாண்ட்ரியலில் கனேடியன்ஸ் மட்டும் எப்படி மிஞ்சியது?

1910 ஜனவரி முதல் வாரத்தில், மாண்ட்ரியல் நகரத்தில் சம்பளத்துக்கு ஆள் வைத்து ஆடிய ஐஸ் ஹாக்கி அணிகள் ஐந்து. வாண்டரர்ஸ், ஷாம்ராக்ஸ், ஆல்-மாண்ட்ரியல், லெ நாசியோனால், அப்புறம் தொடங்கி முழுதாக ஐந்து வாரம்கூட ஆகாத கனேடியன்ஸ். நகரத்தின் மக்கள்தொகை அப்போது ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. இரண்டு லீகுகள் ஒரே குளிர்காலத்தில் அதே ரசிகர்களைப் பங்கு போட்டுக்கொள்ளப் பார்த்தன. எட்டு ஆண்டுகள் கழித்து, 1918 ஜனவரி முடிவதற்குள், ஐந்தில் நான்கு மேல்மட்ட ஹாக்கியில் இல்லை. மிஞ்சியது, இருந்ததிலேயே இளைய அணியான கனேடியன்ஸ். முதல் சீசனில் 12 ஆட்டங்களில் 10 தோற்றுக் கடைசி இடம் பிடித்த அணி அது.

கோப்பைக் கணக்கை மட்டும் பார்த்தால் இது புரியாது. வாண்டரர்ஸ் 1906, 1907, 1908, 1910 என நான்கு ஆண்டுகளில், ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையைக் கையில் வைத்திருந்தவர்கள். ஷாம்ராக்ஸ் 1899, 1900 இரண்டிலும் சாம்பியன்கள். அந்த இரண்டு பெயர்களையும் இன்று வரலாறு படிப்பவர்கள்தான் சொல்கிறார்கள். திறமை முக்கியமில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மாண்ட்ரியலில் ஓர் அணியின் ஆயுளைத் தீர்மானித்தவை வேறு இரண்டு கேள்விகள். ஐஸுக்கு மேலே இருக்கும் கூரை யாருடையது? எந்த மக்கள் அந்த அணியை 'எங்கள் அணி' என்று சொன்னார்கள்? தொடக்க காலக் கதை முழுவதையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்தே படிக்கலாம்.

கூரைக்குள் வந்த ஆட்டம்

விக்டோரியா ஸ்கேட்டிங் ரிங்க் 1862 டிசம்பரில் திறக்கப்பட்டது. டிரம்மண்ட் தெருவில், ஆங்கிலம் பேசும் வசதியான குடும்பங்கள் வாழ்ந்த பகுதியில், செங்கல்லில் கட்டிய பெரிய கூடம். குளிர்காலத்தில் தரையில் தண்ணீர் விட்டு உறையவைப்பார்கள். இசைக் குழு வாசிக்க, ஆண்களும் பெண்களும் ஸ்கேட் செய்வார்கள். மாறுவேட விருந்துகள் நடக்கும். உறுப்பினர் சந்தா கட்டியவர்களின் இடம் அது. ஹாக்கிக்காகக் கட்டியதே இல்லை.

அந்தக் காலத்தில் உறைந்த ஆறுகளிலும் குளங்களிலும் கோலும் பந்தும் வைத்து ஆடும் ஆட்டங்கள் பல ஊர்களில் இருந்தன. ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாம், எல்லைக்கோடு கிடையாது. ஹாலிஃபாக்ஸ் பக்கம் இது நன்றாகவே வேரூன்றியிருந்தது. அங்கே மிக்மாக் பழங்குடி மக்கள் மரத்தைச் செதுக்கிச் செய்த ஸ்டிக்குகளுக்கு நல்ல பெயர். ஆட்டம் எந்த ஊரில் பிறந்தது என்று கனடாவில் இன்னும் சண்டை போடுகிறார்கள். அதில் நான் யார் பக்கமும் சாயவில்லை. மாண்ட்ரியலில் நடந்தது வேறு. திறந்தவெளி விளையாட்டு ஒன்று நான்கு சுவருக்குள் வந்தது. வந்த உடனே அதன் உருவம் மாறியது.

கொண்டுவந்தவர் ஹாலிஃபாக்ஸில் பிறந்த ஜேம்ஸ் கிரைட்டன். பொறியாளராக மாண்ட்ரியலுக்கு வந்தவர், பிறகு மெக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். 1875 மார்ச் 3 அன்று மாலை விக்டோரியா ரிங்கில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர் என்று இரண்டு அணிகள் இறங்கின. அதற்கு மேல் ஆட்களைக் கூரைக்குள் அடைக்க முடியாது. பந்து பார்வையாளர்கள்மேல் பறக்கும் என்று சிலர் பயந்ததால், பந்துக்குப் பதிலாகத் தட்டையான மர வட்டு பயன்படுத்தப்படும் என்று நகரத்தின் 'கெஜட்' நாளிதழ் முன்கூட்டியே அறிவித்தது. இன்றைய கறுப்பு ரப்பர் 'பக்'கின் முன்னோடி அந்த மர வட்டு. திறந்த ஆற்றில் யாருக்கும் தேவைப்படாத ஒன்று அது. பார்வையாளர்கள் நெருக்கமாக நிற்கும் கூடத்தில்தான் அதற்குத் தேவை வந்தது.

கிரைட்டன் தலைமையிலான அணி 2-1 என வென்றது. ஆட்டம் முடிந்ததும் கைகலப்பு. ஐஸ் எங்களுக்கு வேண்டும் என்ற ஸ்கேட்டிங் உறுப்பினர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் அடிதடி. தலைகளும் கால்களும் அடிபட்டன, பெஞ்சுகள் உடைந்தன என்று கிங்ஸ்டன் பத்திரிகை ஒன்று எழுதியது. முதல் நாளிலேயே கூரை யாருக்கு என்ற சண்டை.

அந்த ரிங்கின் ஐஸ் சுமார் 204 அடி நீளம், 80 அடி அகலம். வட அமெரிக்காவின் முதன்மையான ஹாக்கி லீகான என்.எச்.எல்.லின் இன்றைய தளம் 200 அடிக்கு 85. ஒரு ஸ்கேட்டிங் கிளப் தன் வசதிக்குக் கட்டிய கூடத்தின் அளவு கிட்டத்தட்ட அப்படியே உலகத் தரமாகிவிட்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புதான்.

1877 ஜனவரியில் மெக்கில் மாணவர்கள் தனி ஹாக்கி கிளப் தொடங்கினார்கள். அடுத்த மாதம் 'கெஜட்' ஏழு விதிகளை அச்சிட்டது. அவை பெரும்பாலும் இங்கிலாந்தில் புல்தரையில் ஆடும் ஹாக்கியின் விதிகளைத் தழுவியவை. வட்டை முன்னால் நிற்கும் தோழனுக்குத் தள்ளக் கூடாது என்பது அதில் முக்கியமானது. ரக்பி மாதிரி, பக்கவாட்டிலும் பின்னாலும்தான் கொடுக்கலாம். அதனால் அந்த நாளைய ஆட்டம் தனி ஆளின் ஓட்டத்தை நம்பியது. முன்னால் கொடுக்கும் உரிமை வர இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

1883-இல் நகரத்து விளையாட்டுக் கிளப்புகள் சேர்ந்து குளிர்காலத் திருவிழா நடத்தின. பனிக்கட்டியால் அரண்மனை கட்டினார்கள், அமெரிக்காவிலிருந்து சுற்றுலாப் பயணிகள் ரயிலேறி வந்தார்கள். திருவிழாவின் ஒரு பகுதியாக நடந்த முதல் ஹாக்கிப் போட்டியில் மெக்கில், விக்டோரியாஸ், கியூபெக் நகர அணி மூன்றும் மோதின, மெக்கில் வென்றது. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் என்ற கணக்கு இந்தத் திருவிழாக்களில்தான் நிலைபெற்றது. பிறகு 1886 டிசம்பரில் கனடாவின் அமெச்சூர் ஹாக்கிச் சங்கம் மாண்ட்ரியலில் உருவானது. ஐந்து உறுப்பினர் கிளப்புகளில் ஒட்டாவாவைத் தவிர நான்கும் மாண்ட்ரியலுடையவை: மெக்கில், விக்டோரியாஸ், கிரிஸ்டல்ஸ், மாண்ட்ரியல் ஹாக்கி கிளப்.

யார் ஆடலாம்?

'அமெச்சூர்' என்பது அன்று காசு வாங்காதவர் என்பதோடு நிற்கவில்லை. மதியம் வேலையை விட்டுப் பயிற்சிக்குப் போக முடிந்தவர், கிளப் சந்தா கட்ட முடிந்தவர், கிளப்பில் இருப்பவர்கள் 'நம்மாள்' என்று ஏற்றுக்கொண்டவர். நடைமுறையில் ஆங்கிலம் பேசும் புரொட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள், வங்கி, காப்பீடு, வணிக நிறுவனங்களில் வேலை பார்த்த இளைஞர்கள். மாண்ட்ரியல் ஹாக்கி கிளப் 1884-இல் தொடங்கி, மாண்ட்ரியல் அமெச்சூர் தடகளச் சங்கத்தின் சிறகு வைத்த சக்கரச் சின்னத்தை அணிந்து ஆடியது. அந்தச் சங்கம் நகரத்தின் செல்வாக்கான அமைப்புகளில் ஒன்று.

கவர்னர் ஜெனரல் லார்ட் ஸ்டான்லி 1889 திருவிழாவுக்கு வந்தபோது விக்டோரியா ரிங்கில் ஹாக்கியைப் பார்த்தார். ஒட்டாவாவில் அவருடைய மகன்கள் ஆடிய அணியில் ஓர் ஆட்டக்காரர், அதற்குள் செனட்டில் சட்ட அலுவலராகிவிட்ட அதே ஜேம்ஸ் கிரைட்டன். 1892 மார்ச்சில் ஸ்டான்லி தன் கோப்பையை அறிவித்தார். 1893-இல் முதல் முறையாக அது மாண்ட்ரியல் ஹாக்கி கிளப்புக்குப் போனது.

போனது என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். நடந்தது குழப்பம். கோப்பையின் அறங்காவலர்கள் அதைத் தடகளச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கொடுத்தார்கள். ஜெயித்தது நாங்கள், கொடுத்தது அவர்களுக்கா என்று ஹாக்கி கிளப் கோபித்துக்கொண்டு கோப்பையைத் தொட மறுத்தது. முதல் ஸ்டான்லி கோப்பையை வென்ற ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் அதைக் கையில் வாங்கவே இல்லை. 1894-இல் மறுபடியும் வென்றபோது, யாருக்கும் மனம் நோகாதபடி 'மாண்ட்ரியல் 1894' என்று மட்டும் பொறித்தார்கள். அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் ஒட்டாவாவை 3-1 என வீழ்த்தியதைப் பார்க்க விக்டோரியா ரிங்கில் ஐயாயிரம் பேர் கூடியதாகச் செய்தி. பத்து ஆண்டுக்குள் கிளப் பொழுதுபோக்கு ஒன்று நகரத்தின் நிகழ்ச்சியாகிவிட்டது.

அடுத்து விக்டோரியாஸின் காலம். 1896 பிப்ரவரியில் வின்னிபெக்கிலிருந்து வந்த அணி அவர்களை 2-0 எனத் தோற்கடித்துக் கோப்பையை மேற்கே கொண்டுபோனது. வின்னிபெக் கோல்கீப்பர் கிரிக்கெட் பேட் கட்டிக்கொண்டு நின்றார். இங்கே அதுவரை யாரும் பார்க்காத காட்சி. டிசம்பர் 30 அன்று மாண்ட்ரியல் வீரர்கள் வின்னிபெக்குக்கே போய் 6-5 என ஜெயித்து அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இரண்டு ஊர்களும் ஆட்டத்தைத் தந்தி வழியாக நிமிடத்துக்கு நிமிடம் பின்தொடர்ந்தன.

அப்புறம் ஷாம்ராக்ஸ். இது ஐரிஷ் கத்தோலிக்கர்களின் அணி. கிரிஃபின்டவுன் போன்ற, ஆற்றோரத்துத் தொழிலாளர் பகுதிகளில் வாழ்ந்த மக்களுக்கு ஷாம்ராக் என்ற பெயர் ஏற்கனவே லக்ரோஸ் என்ற, வலை கட்டிய கோலால் பந்தை எறிந்து ஆடும் ஆட்டத்தால் பெருமை சேர்த்திருந்தது. அதே பெயரில் ஹாக்கி அணி வந்து, ஹாரி டிரைஹி தலைமையில் 1899-லும் 1900-லும் கோப்பையை வென்றபோது, அது புரொட்டஸ்டன்ட் கிளப்புகளின் கோட்டைக்குள் நுழைந்த வெற்றியாகவே கொண்டாடப்பட்டது. டிரைஹி பின்னாளில் வழக்கறிஞரானார். முதல் உலகப் போரில் ஐரிஷ்-கனேடியப் படைப்பிரிவு ஒன்றைத் திரட்டித் தலைமை தாங்கினார். ஒரு சமூகம் தன் ஹாக்கித் தலைவனை எந்த இடத்தில் வைத்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நகரத்தில் பாதிக்கு மேல் பிரெஞ்சு பேசுபவர்கள். அவர்கள் எங்கே?

முதல் இருபது ஆண்டு ஹாக்கியில் அவர்கள் அநேகமாக இல்லை. ரிங்குகள் ஆங்கிலேயப் பகுதியில், கிளப்புகள் ஆங்கிலத்தில், பத்திரிகைச் செய்தி ஆங்கிலத்தில். கதவைத் திறந்தது மதம்தான் என்பது கவனிக்க வேண்டியது. சென்ட்-மரி, மோன்-சென்-லூயி போன்ற கத்தோலிக்கக் கல்லூரிகளில் ஐரிஷ் பையன்களும் பிரெஞ்சுப் பையன்களும் ஒன்றாகப் படித்தார்கள். ஐரிஷ் நண்பர்களிடம் கற்றுக்கொண்ட பிரெஞ்சு இளைஞர்கள் சிலர் ஷாம்ராக்ஸ் பக்கம் ஆடவும் போனார்கள். பிறகு சொந்தக் கிளப்புகள் வந்தன: லெ நாசியோனால், பனிநடைக் கிளப்பாகத் தொடங்கிய மோன்டாஞார். 1903 டிசம்பரில் அமைந்த புதிய லீகில் லெ நாசியோனால் முதல் ஆண்டிலேயே இடம் பிடித்தது. ஆனால் நல்ல ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ள அதனிடம் பணம் இல்லை. ஜாக் லாவியோலெட், டிடியே பித்ர் என்ற இரண்டு நட்சத்திரங்களும் அமெரிக்காவின் மிச்சிகனில் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த லீகுக்குப் போய்விட்டார்கள்.

பணம் மேசைக்கு மேலே வந்தபோது

அதே 1903 டிசம்பரில், மாண்ட்ரியல் ஹாக்கி கிளப்பின் நட்சத்திரங்கள் பலர் தடகளச் சங்கத்தின் பிடியிலிருந்து வெளியேறி வாண்டரர்ஸைத் தொடங்கினார்கள். அமைத்தவர் ஜேம்ஸ் ஸ்ட்ராகன். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மீண்டும் வருவார். மேசைக்கு அடியில் கைமாறிய பணம் 1906-இல் மேசைக்கு மேலே வந்தது. அமெச்சூர்களும் சம்பள ஆட்டக்காரர்களும் ஒரே லீகில் ஆடலாம், சம்பளம் வாங்குபவர்களின் பெயர்களை வெளியிட வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டு ஆண்டுகள்தான் தாங்கியது. 1908-இல் மாண்ட்ரியல் கிளப்பும் விக்டோரியாஸும் வெளியேறி அமெச்சூர் ஹாக்கிக்கே திரும்பின. மாண்ட்ரியல் கப்பல் அதிபர் மாண்டேகு ஆலன் அவர்களுக்காகத் தனிக் கோப்பையே கொடுத்தார். ஸ்டான்லி கோப்பை சம்பளக்காரர்களிடம் தங்கிவிட்டது.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்ததும் ஒரு கட்டடம்தான். 1898-இன் கடைசி நாளில் வெஸ்ட்மவுண்ட்டில் 'அரீனா' திறந்தது. இது ஹாக்கிக்கென்றே கட்டியது. சுற்றிலும் படிப்படியாக இருக்கைகள். இருக்கை இருந்தால் டிக்கெட், டிக்கெட் இருந்தால் வசூல், வசூல் இருந்தால் ஆட்டக்காரன் தன் பங்கைக் கேட்பான். விக்டோரியா ரிங்க் காலத்தில் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுந்திருக்க வழியில்லை.

வின்ட்ஸர் ஹோட்டலில் இரண்டு அறைகள்

1909-இல் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாண்டரர்ஸை பி. ஜே. டோரன் என்பவர் வாங்கினார். அவரிடம் ஜூபிலி ரிங்க் சொந்தமாக இருந்தது. எனவே ஆட்டங்களை அரீனாவிலிருந்து அங்கே மாற்ற நினைத்தார். ஜூபிலியில் மூவாயிரம் பேருக்குத்தான் இடம். வெளியூர் அணிகளுக்கு வசூலில் ஒரு பங்கு உண்டு என்பதால், சிறிய ரிங்க் என்றால் அவர்களுக்குப் பணம் குறையும். ஒட்டாவாவும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். நவம்பர் 25 அன்று வின்ட்ஸர் ஹோட்டலில் கூடி, பழைய லீகைக் கலைத்துவிட்டு, வாண்டரர்ஸ் இல்லாமல் புதிய லீகை அமைத்தார்கள். மாண்ட்ரியலிலிருந்து ஷாம்ராக்ஸ், லெ நாசியோனால், புதிதாக ஆல்-மாண்ட்ரியல் மூன்றையும் சேர்த்தார்கள்.

அதே நாள்களில் அதே ஹோட்டலில் இன்னொருவரும் இடம் கேட்டு ஏமாந்திருந்தார். ஒன்டாரியோவின் ரென்ஃப்ரூ என்ற சிற்றூர் அணியின் ஆம்ப்ரோஸ் ஓப்ரையன். அவருடைய அப்பா ரயில் பாதை ஒப்பந்தங்களிலும் கோபால்ட் ஊரின் வெள்ளிச் சுரங்கங்களிலும் பெரும் பணம் சேர்த்தவர். வாண்டரர்ஸ் தரப்பில் வந்திருந்த ஜிம்மி கார்ட்னரும் ஓப்ரையனும் உட்கார்ந்து பேசினார்கள். நாமே ஒரு லீக் தொடங்கலாம் என்று முடிவானது. வாண்டரர்ஸுக்கு உள்ளூரிலேயே ஒரு எதிரி அணி வேண்டும், அது பிரெஞ்சுக்காரர்களின் அணியாக இருந்தால் கூட்டம் நிச்சயம் என்ற யோசனை கார்ட்னருடையது என்பார்கள். டிசம்பர் 2 அன்று லீக், டிசம்பர் 4 அன்று கனேடியன்ஸ். ஓப்ரையன் ஐயாயிரம் டாலருக்குப் பொறுப்பேற்றார். கூடிய சீக்கிரம் பிரெஞ்சு உரிமையாளர்களிடம் அணியை ஒப்படைத்துவிடுவது என்பதும் அப்போதே பேசிவைத்தது.

அதாவது பிரெஞ்சு மக்களின் அடையாளமாகப் பிற்காலத்தில் உயர்ந்த அணி, ஆங்கிலம் பேசும் இருவரின் வணிகக் கணக்கில் பிறந்தது. இதனால் அந்த அடையாளம் பொய் என்று ஆகிவிடாது. ஆட்களைத் திரட்டும் பொறுப்பை லாவியோலெட்டிடம் கொடுத்தார்கள். அவர் பித்ரையும், கார்ன்வாலைச் சேர்ந்த நியூஸி லலோந்தையும் கொண்டுவந்தார். பித்ர் ஏற்கனவே லெ நாசியோனாலுடன் ஒப்பந்தம் செய்திருந்தார். விவகாரம் நீதிமன்றம் வரை போனது, ஆனாலும் அவர் கனேடியன்ஸுக்கே ஆடினார்.

1910 ஜனவரி 5 அன்று ஜூபிலி ரிங்கில் முதல் ஆட்டம். கோபால்ட் அணியைக் கூடுதல் நேரத்தில் 7-6 என வென்றார்கள். ரிங்க் நிரம்பி வழிந்தது. எந்த ரிங்கைச் சின்னது என்று மற்ற லீக்காரர்கள் ஒதுக்கினார்களோ, அது நகரத்தின் கிழக்கே, பிரெஞ்சுக்காரர்கள் வாழும் பகுதியில் இருந்தது. சென்-லோரான் சாலைக்கு மேற்கே ஆங்கிலம், கிழக்கே பிரெஞ்சு என்று பிரிந்திருந்த நகரத்தில், முதல் முறையாக மேல்மட்ட ஹாக்கி அந்த மக்களின் வாசலுக்கு வந்தது. கனேடியன்ஸின் பிழைப்புக்கு லலோந்தின் கோல்கள் அளவுக்கே இந்த இடமும் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

எதிர் லீக் இரண்டே வாரத்தில் சரிந்தது. ஒட்டாவாவும் ஷாம்ராக்ஸும் இந்தப் பக்கம் வந்தன. ஆல்-மாண்ட்ரியல் கலைந்தது. லெ நாசியோனாலிடம், கனேடியன்ஸின் இடத்தை நீங்களே எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். அவர்கள் மறுத்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களே நடத்திய கிளப்பின் மேல்மட்டப் பயணம் அத்தோடு முடிந்தது. ஷாம்ராக்ஸ் அந்த சீசனோடு விலகியது. ஐரிஷ் மக்கள் இல்லாமல் போகவில்லை. ஆனால் சம்பளப் போட்டியில் நிற்கும் அளவுக்குப் பணமோ சொந்தக் கூரையோ அந்த அணிக்கு இல்லை.

1910 இறுதியில் கனேடியன்ஸ் ஜார்ஜ் கென்னடியின் கைக்கு வந்தது. மல்யுத்த வீரராக இருந்து, விளையாட்டு நிகழ்ச்சிகள் நடத்துபவராக மாறியவர். கனேடியன் என்ற பெயரில் ஏற்கனவே ஒரு தடகளக் கிளப் வைத்திருந்தவர். ஆட்டங்களை அரீனாவுக்குக் கொண்டுபோனார். அதே ஆண்டு பிப்ரவரியில் கனேடியன்ஸ் சிகூட்டிமி ஊருக்குப் போய் ஒரு காட்சி ஆட்டத்தில் தோற்றிருந்தது. அங்கே கோலில் நின்ற அமைதியான இளைஞரைப் பார்த்துக் கனேடியன்ஸின் கோல்கீப்பர் ஜோசப் கத்தரினிச் அசந்துபோய், இவரை எடுங்கள் என்றார். அந்த இளைஞர் ஜார்ஜ் வெஸினா. 1910 டிசம்பர் 31 முதல், காசநோயோடு ஆட்டத்தின் நடுவில் சரிந்த 1925 நவம்பர் வரை ஓர் ஆட்டத்தைக்கூட அவர் தவறவிடவில்லை. தன் இடத்தையே பறிக்கப்போகிறவரைப் பரிந்துரைத்த கத்தரினிச்சின் பெருந்தன்மை அதிகம் பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டும்.

பிரெஞ்சு ஆட்டக்காரர்களை எடுக்கும் முதல் உரிமை கனேடியன்ஸுக்கு என்றும் லீகில் சில காலம் ஏற்பாடு இருந்தது. அதன் மறுபக்கம், ஆங்கிலம் பேசுபவர்களை அவர்கள் விருப்பம்போல் எடுக்க முடியாது. கட்டுப்பாடு தளர்ந்த பிறகு அணி கலப்பானது, வலுவும் பெற்றது. 1916-இல் போர்ட்லாந்தை வீழ்த்தி முதல் ஸ்டான்லி கோப்பை வந்தது. மக்கள் அப்போதும் அதைத் தங்கள் அணியாகவே பார்த்தார்கள்.

போர்க்காலத்தில் ஆண்கள் பலர் படைக்குப் போனபோது, மாண்ட்ரியலில் பெண்கள் லீக் ஒன்று நடந்து நல்ல கூட்டம் சேர்த்தது. கார்ன்வாலின் ஆல்பெர்டின் லாபென்சே ஆட வந்தால் அரங்கம் நிறையும். அந்த வரலாறு தனியாக எழுத வேண்டியது.

தீயும் காய்ச்சலும்

1917 நவம்பர் 26 அன்று, மறுபடியும் வின்ட்ஸர் ஹோட்டல். டொராண்டோ அணியின் உரிமையாளர் எடி லிவிங்ஸ்டனுடன் ஒத்துப்போக முடியாமல், மற்ற உரிமையாளர்கள் அவரைத் தவிர்ப்பதற்கென்றே புதிய லீக் தொடங்கினார்கள். அதுதான் என்.எச்.எல். டிசம்பர் 19 அன்று வாண்டரர்ஸ் டொராண்டோவை 10-9 என வென்றது. சீருடையில் வரும் படைவீரர்களுக்கு இலவசம் என்று அறிவித்தும், வந்தவர்கள் சுமார் எழுநூறு பேர். நான்கு கோப்பை வென்ற அணிக்கு எழுநூறு பேர்! ஆங்கிலேய இளைஞர்கள் ஐரோப்பாவின் போர்க்களங்களில் இருந்தார்கள் என்பது ஒரு காரணம். போருக்கு முன்பே நல்ல ஆட்டக்காரர்கள் கைவிட்டுப் போனதும் இன்னொரு காரணம்.

1918 ஜனவரி 2 அன்று அரீனா எரிந்தது. இரண்டு அணிகளின் சாமான்களும் போயின. அன்று கனேடியன்ஸும் வாண்டரர்ஸும் மோதவிருந்தன. கனேடியன்ஸ் தன் பழைய ஜூபிலிக்குத் திரும்பிவிட்டது. அங்கே அதன் மக்கள் இருந்தார்கள். வாண்டரர்ஸ் உரிமையாளர் சாம் லிக்டன்ஹைன் அதற்கு முன்பே மற்ற அணிகளிடம் ஆட்டக்காரர்களைக் கேட்டுக் கிடைக்காமல் வெறுத்திருந்தார். தீயோடு அணியைக் கலைத்தார். என்.எச்.எல். வரலாற்றில் வாண்டரர்ஸின் கணக்கு ஒரே ஒரு வெற்றி.

கனேடியன்ஸுக்கும் அடுத்த அடி சீக்கிரமே விழுந்தது. 1919 வசந்தத்தில் கோப்பைக்காக சியாட்டில் போனபோது இன்ஃபுளுயன்ஸா காய்ச்சல் அணியைச் சாய்த்தது. தொடர் பாதியில் நின்றது. ஆட்டக்காரர் ஜோ ஹால் ஏப்ரல் 5 அன்று இறந்தார். கென்னடியும் அந்தக் காய்ச்சலிலிருந்து முழுதாகத் தேறாமல் 1921-இல் இறந்தார். அதே 1919-இல் ஜூபிலியும் எரிந்துபோனது. 1920 ஜனவரியில் மவுண்ட் ராயல் அரீனா என்ற புதிய கூரை கிடைத்தது. திறப்பு ஆட்டத்திலேயே லலோந்த் ஆறு கோல் போட்டார். கென்னடியின் மனைவி 11,000 டாலருக்கு அணியை விற்றார். வாங்கிய மூவரில் ஒருவர், வெஸினாவைக் கண்டுபிடித்த அதே கத்தரினிச். மற்றவர்கள் லியோ தான்துரான், லூயி லெதூர்னோ.

ஃபோரம்

ஆங்கிலம் பேசும் மாண்ட்ரியலுக்கு 1918 முதல் அணி இல்லை. 1924-இல் அந்தக் குறையைத் தீர்க்க மரூன்ஸ் வந்தது. தலைவர் யார் தெரியுமா? வாண்டரர்ஸைத் தொடங்கிய ஜேம்ஸ் ஸ்ட்ராகன். லீகில் சேரக் கட்டிய பணத்தில் பெரும் பங்கு, அதே ஊரைப் பகிர்ந்துகொள்வதற்கு ஈடாகக் கனேடியன்ஸுக்குப் போனது. மரூன்ஸுக்காகவே அட்வாட்டர் முனையில் ஃபோரம் என்ற பெரிய அரங்கம் 159 நாட்களில் எழும்பியது. ஆனால் 1924 நவம்பர் 29 அன்று அங்கே முதல் ஆட்டம் ஆடியது கனேடியன்ஸ். மவுண்ட் ராயலில் இயற்கை ஐஸ் இன்னும் உறையவில்லை என்பதால் இரவல் வாங்கிய இடம். டொராண்டோவை 7-1 என அடித்துவிட்டுப் போனார்கள். 1926-இல் நிரந்தரமாகவே அங்கே குடியேறினார்கள்.

அந்த ஆண்டே மரூன்ஸ் ஸ்டான்லி கோப்பையை வென்றது. 1935-இல் மறுபடியும். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அணிகள், இரண்டு மொழிகள். மோதல் நாட்களில் இருக்கைகளிலும் சண்டை நடந்தது. இதில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும்: பிரெஞ்சு ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய ஹவி மொரென்ஸ், ஒன்டாரியோவில் பிறந்த, ஜெர்மன் வம்சாவளிக்காரர். அணி தங்களுடையது என்ற உறுதி இருந்ததால், அதில் ஆட வந்தவரையும் அவர்கள் தங்களுடையவராக்கிக்கொண்டார்கள்.

பொருளாதார மந்தம் இரண்டு அணிகளையும் தாங்கவிடவில்லை. 1935-இல் தான்துரானும் கத்தரினிச்சும் கனேடியன்ஸை விற்றார்கள். வாங்கியவர்களுக்குப் பின்னால் இருந்தது ஃபோரத்தின் சொந்தக்கார நிறுவனம்; மரூன்ஸும் அவர்களுடையதே. ஆக, கூரையும் இரண்டு அணிகளும் ஒரே கையில். எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி வந்தபோது, மூன்றே ஆண்டுக்கு முன் கோப்பை வென்ற மரூன்ஸை நிறுத்தினார்கள். நகரத்தில் பிரெஞ்சு பேசுபவர்களே அதிகம். அவர்களின் அணியை மூடினால் அரங்கம் காலியாகும். 1938 கோடையில் மரூன்ஸ் லீகிலிருந்து விலகியது.

அதன் பிறகு ஆங்கிலம் பேசுபவர்களும் கனேடியன்ஸைப் பார்க்க வந்தார்கள், வேறு வழியும் இருக்கவில்லை. அந்த அணியில் அப்போது டோ பிளேக் என்ற இளைஞர் ஆடிக்கொண்டிருந்தார். மரூன்ஸ் அணியில் 1935 கோப்பையைப் பார்த்தவர், 1936 பிப்ரவரியில் கனேடியன்ஸுக்கு மாற்றப்பட்டவர்; அம்மா பிரெஞ்சு பேசுபவர், இவருக்கு இரண்டு மொழியும் வரும். பின்னாளில் அணித் தலைவராகி, 1955 முதல் 1968 வரை பயிற்சியாளராக இருந்து எட்டு ஸ்டான்லி கோப்பைகளை அந்த ஃபோரத்துக்கே கொண்டுவந்தார்.